எடிசனின் அம்மா மறைத்த அந்தக் கடிதம் உண்மையா? வீட்டிலேயே பாடம் படித்த ஒரு சிறுவனின் கதை

வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கதை புதுசு இல்லை. பள்ளியில் கொடுத்த கடிதத்தோடு வீட்டுக்கு வருகிறான் சிறுவன் தாமஸ் எடிசன். அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, கண் கலங்குகிறார். பையன் பெரிய மேதை, அவனுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு இங்கே ஆசிரியர்கள் இல்லை, நீங்களே கற்றுக்கொடுங்கள் என்று எழுதியிருப்பதாகச் சத்தமாக வாசிக்கிறார். அம்மா இறந்து பல வருடம் கழித்து அந்தக் கடிதம் எடிசன் கையில் கிடைக்கிறது. உங்கள் பையனுக்கு மூளை சரியில்லை, இனி பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்பதுதான் அதில் உண்மையில் இருந்த வாசகம்.

படிக்கும்போது யாருக்கும் தொண்டை அடைக்கும். பிள்ளைக்குப் பள்ளி ஒத்துவரவில்லை, வீட்டிலேயே சொல்லித்தரலாமா என்று யோசிக்கும் அப்பா, அம்மாக்களுக்கு யாராவது ஒருவர் கட்டாயம் இதை அனுப்பியிருப்பார்.

ஆனால், அப்படி ஒரு கடிதம் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. எடிசன் விட்டுச்சென்ற காகிதங்கள் சுமார் 50 லட்சம் பக்கங்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக அவற்றைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. எடிசனே தன் பள்ளி நாட்களைப் பற்றிப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கதை வேறு. வீட்டுக் கல்வியைத் தொடங்க நினைக்கும் பெற்றோருக்கு உதவக்கூடியதும் அந்த நிஜக் கதைதான்.

பள்ளியில் என்ன நடந்தது?

எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11, ஒஹையோ மாநிலத்தின் மிலன் என்ற சிறு ஊரில். 7 பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் செல்லமாக 'அல்' என்று கூப்பிட்டார்கள். கால்வாய் வணிகத்தால் செழித்த ஊர் மிலன். ரயில் பாதை அந்த ஊரைத் தொடாமல் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. 1854-ல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹுரோன் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே சிறுவனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. பள்ளியில் சேர்வதும் தள்ளிப்போனது. பிற்காலத்தில் அவருக்குக் காது மந்தமானதற்கு இந்தக் காய்ச்சலும் அடிக்கடி வந்த காதுத் தொற்றும் காரணமாக இருக்கலாம் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஒருவழியாக 8 வயது வாக்கில் ஒரு பாதிரியார் நடத்திய சிறிய பள்ளியில் சேர்த்தார்கள். மனப்பாடமும் பிரம்பும்தான் அந்தக் காலத்துப் பள்ளி. கேள்வி மேல் கேள்வி கேட்கும் பையன், கவனம் எங்கேயோ போய்விடும் பையன் அங்கே பொருந்தவில்லை. ஒருநாள் இந்தப் பையன் மண்டை குழம்பியவன் என்று ஆசிரியர் சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். நடந்ததை அம்மாவிடம் சொன்னான்.

அம்மா நான்சி சும்மா விடவில்லை. பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அந்த ஆசிரியரைவிடத் தன் மகனுக்கு அறிவு அதிகம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிவந்துவிட்டார். எடிசன் பள்ளியில் இருந்த காலம் மொத்தமாகச் சில மாதங்கள்தான்.

வாட்ஸ்அப் கதையில் அம்மா உண்மையை மறைக்கிறார். நிஜத்தில் மறைக்க எதுவுமே இல்லை. தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பையனுக்கு நன்றாகத் தெரியும். அம்மா தனக்காகச் சண்டை போட்டதையும் அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். அம்மா தன் பக்கம் இருக்கிறார், அவர் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற எண்ணம் அன்றுதான் வந்தது என்று வயதான பிறகும் எடிசன் நினைவுகூர்ந்தார்.

நான்சிக்கு இருந்த வசதிகள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நான்சி எடிசனுக்குச் சில விஷயங்கள் சாதகமாக இருந்தன.

முதலாவது, அவரே முன்னாள் பள்ளி ஆசிரியை. கனடாவின் வியன்னா என்ற ஊரில் கல்யாணத்துக்கு முன்பு பாடம் நடத்தியவர். அங்கேதான் சாமுவேல் எடிசனைத் திருமணம் செய்துகொண்டார். 1837-ல் கனடாவில் நடந்த கிளர்ச்சியில் தோற்ற பக்கம் நின்ற சாமுவேல், எல்லை தாண்டி அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். அப்படித்தான் குடும்பம் ஒஹையோவுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது, வீட்டில் சின்னப் பிள்ளை என்று இருந்தது அல் மட்டும்தான். நான்சி பெற்ற 7 பேரில் 3 பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். மற்ற 3 பேரும் அல்லைவிட 13 வயதுக்கும் மேல் மூத்தவர்கள். அம்மாவின் முழுக் கவனமும் இந்த ஒரு பையன் மேல் இருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கவனம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. மிச்சிகனில் கட்டாயப் பள்ளிச் சட்டம் வந்ததே 1871-ல்தான். 1850-களில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வசதி இல்லாத ஒரு விஷயமும் உண்டு. பணம். சாமுவேல் மர வியாபாரம், தானிய வியாபாரம், நிலம் என்று மாறி மாறி எதையாவது செய்துகொண்டே இருந்தார். எதுவும் நிலையாக நிற்கவில்லை.

வீட்டில் பாடம் எப்படி நடந்தது?

வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார் நான்சி. அதோடு நிற்கவில்லை. பெரியவர்கள் படிக்கும் புத்தகங்களை எடுத்து மகனோடு சேர்ந்து வாசித்தார். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி கிப்பன் எழுதிய வரலாறு, ஹியூம் எழுதிய இங்கிலாந்து வரலாறு எல்லாம் 12 வயதுக்குள் அந்த வீட்டில் புரட்டப்பட்டன. எல்லாமே புரிந்திருக்குமா என்றால், வாய்ப்பில்லை. ஆனால் தடிமனான புத்தகத்தைக் கண்டால் வரும் பயம் போய்விட்டது.

நான்சி கண்டிப்பானவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு குச்சி எப்போதும் இருந்தது என்றும், அடித்து அடித்தே அதன் பட்டை தேய்ந்துபோனது என்றும் எடிசன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மிலனில் இருந்தபோது களஞ்சியத்துக்குத் தீ வைத்ததற்காக அப்பா அவனை ஊர் நடுவில் வைத்தே அடித்தார். இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் இன்றைய பெற்றோர் பின்பற்ற வேண்டிய அவசியம் இல்லை.

திருப்பம் வந்தது ஒரு பாடப்புத்தகத்தால். 9 வயது வாக்கில் ரிச்சர்ட் கிரீன் பார்க்கர் எழுதிய இயற்கை அறிவியல் புத்தகம் ஒன்றை அம்மா கையில் கொடுத்தார். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நிறைந்த புத்தகம் அது. பையன் அதை மனப்பாடம் செய்யவில்லை. அதிலிருந்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து, புத்தகத்தில் சொன்னது சரிதானா என்று பார்த்தான்.

பள்ளியில் கவனமே இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கியவன்தான், வீட்டில் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தான். கவனம் அவனிடம் எப்போதுமே இருந்தது. கையால் செய்து பார்க்கும் வேலை கிடைத்ததும் அது தானாக வந்துவிட்டது. நான்சி அதைக் கவனித்தார். மகன் போகிற வழியை அடைக்காமல் விட்டார். அவர் செய்ததில் மிகப் பெரிய உதவி இதுதான்.

நிலவறையில் 200 குப்பிகள்

சோதனைகள் முதலில் படுக்கையறையில்தான் நடந்தன. நாற்றம், கறை, கரி. பொறுத்துப் பார்த்த அம்மா, எல்லாவற்றையும் வீட்டின் நிலவறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். ஆய்வகத்தை மூடச் சொல்லவில்லை, இடத்தை மட்டும் மாற்றினார். அங்கே சுமார் 200 குப்பிகளை அடுக்கி, வேறு யாரும் தொடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றிலும் விஷம் என்று எழுதி ஒட்டிவைத்தான் பையன்.

விபரீதங்களும் நடந்தன. வயிற்றில் வாயு நிறைந்தால் மனிதன் பறக்கலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. வீட்டு வேலைக்கு உதவிய மைக்கேல் ஓட்ஸ் என்ற பையனுக்கு வாயு உண்டாக்கும் மருந்துப் பொடியை அளவில்லாமல் கொடுத்துவிட்டான். மைக்கேல் பறக்கவில்லை, வயிற்று வலியில் துடித்தான். கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த குச்சிக்கு அன்று வேலை வந்தது.

ஆய்வகத்துக்குக் காசு வேண்டுமே? அதே மைக்கேலோடு சேர்ந்து வீட்டு நிலத்தில் காய்கறி பயிரிட்டு, வண்டியில் வைத்து ஊருக்குள் விற்றான். விதைப்பு, விலை, கணக்கு, வாடிக்கையாளரிடம் பேச்சு. இதற்கென்று ஒரு பாட வேளை யாரும் போடவில்லை. ஆனாலும் பாடம் நடந்தது.

வீட்டைவிட்டு வெளியே வந்த பள்ளி

வீட்டுக் கல்வி என்றதும் முதலில் வரும் கேள்வி, பிள்ளை நாலு பேரோடு எப்படிப் பழகும் என்பதுதான். எடிசன் விஷயத்தில் அதற்கு விடை கொடுத்தது ரயில்.

1859-ல் போர்ட் ஹுரோனிலிருந்து டெட்ராய்ட் நகருக்கு கிராண்ட் டிரங்க் ரயில் ஓடத் தொடங்கியது. அதில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று 12 வயது அல் அடம்பிடித்தான். அம்மாவுக்கு விருப்பமில்லை. மகன் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தான். அதிகாலையில் கிளம்பினால் திரும்ப இரவாகிவிடும். சம்பாதித்ததில் தினமும் 1 டாலரை அம்மாவிடம் கொடுத்தான்.

அது குழந்தைத் தொழிலாளர்களை யாரும் கேள்வி கேட்காத காலம். இன்று 12 வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சட்டப்படியே தவறு. ஆனால் அந்த ரயில் அவனுக்கு எதையெல்லாம் திறந்துவிட்டது என்று பார்க்கலாம்.

டெட்ராய்டில் திரும்பும் ரயிலுக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை நூலகத்தில் கழித்தான். சரக்குப் பெட்டியின் ஒரு மூலையில் குட்டி ஆய்வகம் வைத்தான். பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, 1862-ல் ரயிலிலேயே ஒரு சிறு வாரப் பத்திரிகை அச்சடித்து விற்றான். பிறகு பாஸ்பரஸ் கீழே விழுந்து பெட்டியில் தீப்பிடித்தது. ஆய்வகம் ரயிலைவிட்டு வெளியேறியது.

அதே 1862 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டை பற்றிய செய்தி வந்தது. செய்தியின் தலைப்பை முன்கூட்டியே தந்தியில் வழியிலுள்ள நிலையங்களுக்கு அனுப்பச் செய்தான். வழக்கத்தைவிடப் பல மடங்காக, 1000 பிரதிகளைக் கடனுக்கு வாங்கினான். நிலையத்துக்கு நிலையம் கூட்டம் கூடியது, விலையும் ஏறியது. தந்தி என்றால் என்ன என்பது அன்று அவனுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

அந்த ஆண்டு மவுண்ட் கிளமென்ஸ் நிலையத்தில், தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த நிலைய அதிகாரியின் சிறு மகனை, உருண்டு வந்த ரயில் பெட்டியிலிருந்து இழுத்துக் காப்பாற்றினான். நன்றிக்கடனாக அந்த அதிகாரி, ஜேம்ஸ் மெக்கென்சி, அவனுக்குத் தந்தித் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அம்மாவிடம் இல்லாத ஒரு வித்தையை வேறொருவர் கொடுத்தார். வீட்டில் தொடங்கிய படிப்பு வீட்டோடு முடியவில்லை.

அடுத்த சில ஆண்டுகள் ஊர் ஊராகத் தந்தி அலுவலகங்களில் வேலை. 1868-ல் பாஸ்டனுக்குப் போனபோது மைக்கேல் ஃபாரடேயின் மின்சார ஆய்வு நூல்களை வாங்கினார். ஃபாரடேயும் முறையான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். கணிதச் சூத்திரங்கள் இல்லாமல் சோதனைகளாகவே விளக்கியிருந்தார். பார்க்கர் புத்தகத்தை நிலவறையில் படித்த அதே முறையில், அதிலிருந்த சோதனைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார் எடிசன்.

அம்மா பார்க்காத வெற்றி

1869-ல் முதல் காப்புரிமை கிடைத்தது. வாக்குகளைப் பதிவு செய்யும் மின் கருவி அது. வாங்க ஆள் இல்லை. பிறகு பங்குச் சந்தை விலைகளை அச்சிடும் கருவிகளால் கையில் பணம் வரத் தொடங்கியது. 1870-ல் நியூவர்க் நகரிலிருந்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். அப்பா இனி கடினமாக உழைக்க வேண்டாம், அம்மா ஆசைப்படுவதை வாங்கிக்கொடுங்கள், பணத்துக்கு நான் இருக்கிறேன் என்பதுதான் விஷயம்.

1871 ஏப்ரலில் நான்சி இறந்துபோனார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு உடலும் மனமும் தளர்ந்திருந்தன. மகனுக்கு அப்போது வயது 24. மென்லோ பார்க் ஆய்வகம் வந்தது 1876-ல், ஒலியைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் 1877-ல், பல மணி நேரம் எரிந்த மின்விளக்கு 1879-ல். நியூயார்க்கின் பேர்ல் தெரு மின் நிலையம் 1882-ல். எதையும் அவர் பார்க்கவில்லை. 1931 அக்டோபர் 18-ல் எடிசன் இறந்தபோது அவர் பெயரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள் இருந்தன. தன்னை உருவாக்கியவர் அம்மாதான் என்று கடைசிவரை அவர் சொல்லிவந்தார்.

தன் பாடம் பலித்ததா இல்லையா என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார் நான்சி. வீட்டில் சொல்லித்தரும் பெற்றோருக்கு இது ரொம்பப் பழக்கமான சங்கடம். பலன் மாதத் தேர்வில் தெரிவதில்லை. மகன் விரும்பிப் படிக்கிறான் என்பது ஒன்றுதான் 1856-ல் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் பட்டியல்.

விடுபட்டது என்ன?

எடிசனின் படிப்பில் பெரிய ஓட்டையும் உண்டு: கணிதம். சிறுவயதில் நியூட்டனின் பிரின்சிப்பியாவைப் படிக்கப் போய், தலைகால் புரியாமல், கணிதத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அந்த வெறுப்பு கடைசிவரை போகவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். சரியான வயதில் படிப்படியாகச் சொல்லித்தர ஒரு கணித ஆசிரியர் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

இந்தக் குறையைப் பணத்தால் சமாளித்தார். 1878-ல் பிரின்ஸ்டனில் படித்து, ஜெர்மனியில் மேற்படிப்பும் முடித்த பிரான்சிஸ் அப்டன் என்ற இளைஞரை வேலைக்குச் சேர்த்தார். மின்விளக்கு அமைப்புக்கான கணக்குகளில் பெரும்பங்கு அப்டனுடையது. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம்பளத்துக்கு ஒரு அப்டன் கிடைக்க மாட்டார்.

இன்னொரு விஷயம், எடிசன் தன் பிள்ளைகளுக்கு என்ன செய்தார் என்பது. இரண்டு திருமணங்களில் 6 பிள்ளைகள். முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தந்திக் குறிகளை வைத்துப் புள்ளி, கோடு என்று செல்லப் பெயர் வைத்தவர்தான். ஆனால் இரவு பகலாக ஆய்வகத்தில் கிடந்தார். மூத்த மகன் தாமஸ் ஜூனியர் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார், படிப்பு தேறவில்லை. அப்பாவின் பெயரை மோசமான மருந்து, கருவி வியாபாரங்களுக்குக் கொடுத்து, கடைசியில் விஷயம் நீதிமன்றம் வரை போனது. இளைய தாரத்தின் மகன்கள் சார்லஸும் தியோடரும் எம்.ஐ.டி. போய்ப் படித்தார்கள். சார்லஸ் நியூ ஜெர்சி மாநில ஆளுநரானார்.

தனக்கு அம்மா கொடுத்த நேரத்தை எடிசன் தன் மூத்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக் கல்வியில் மேதையான பெற்றோரைவிட, பக்கத்தில் உட்காரும் பெற்றோர்தான் தேவை.

புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

* பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மணியடித்து 8 பாட வேளை நடத்தினால் முதலில் களைத்துப்போவது நீங்கள்தான். சேர்ந்து வாசிப்பதில் தொடங்கலாம். பிள்ளையின் வயதைவிடச் சற்றே பெரிய புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை.

* காயத்தோடு வந்த பிள்ளைக்கு முதலில் தேவை நம்பிக்கை. ஆசிரியர் சொன்ன வார்த்தையை நான்சி மழுப்பவில்லை, அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்றால் வெளிப்படையாகப் பேசுவதே நல்லது.

* செய்து பார்க்க ஒரு இடம் ஒதுக்குங்கள். பால்கனி மூலை, மொட்டை மாடி, பழைய மேசை எதுவானாலும் சரி. அங்கே அழுக்காகலாம், ஆனால் விதிகள் உண்டு. ரசாயனமும் மின்சாரமும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான்.

* உங்களுக்குத் தெரியாததை வேறொருவரிடம் ஒப்படைக்கத் தயங்காதீர்கள். முக்கியமாகக் கணிதம். வெறுப்பு வந்த பிறகு ஆள் தேடினால் தாமதமாகிவிடும்.

* வாரத்தில் சில நாட்களாவது நூலகம், விளையாட்டு, பட்டறை, அக்கம்பக்கம் என்று வெளியே அனுப்புங்கள். பிள்ளைக்கு ஒரு மெக்கென்சி எங்கே கிடைப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

* இந்தியாவில் தேர்வு வழியை முன்பே யோசித்துவைப்பது அவசியம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் 10, 12-ம் வகுப்புத் தேர்வுகளைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலம் எழுதுகிறார்கள்.

* ஒத்துவரவில்லை என்றால் மறுபடி பள்ளியில் சேர்ப்பது தோல்வி கிடையாது. இன்னொரு பள்ளியில், இன்னொரு ஆசிரியரிடம் அதே பிள்ளை நன்றாகப் படிக்கக்கூடும்.

வீட்டில் படித்த எல்லாப் பிள்ளைகளும் எடிசன் ஆவதில்லை, ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. மகனை உலகப் புகழ் பெற வைக்க வேண்டும் என்று நான்சி பாடம் தொடங்கவில்லை. அழுதுகொண்டு வந்த 8 வயதுப் பையனை மறுபடி புத்தகம் எடுக்க வைப்பதுதான் அன்று அவர் முன்னால் இருந்த வேலை. அடுத்த முறை அந்தக் கடிதக் கதை குழுவில் வந்தால், கடிதம் இல்லாத இந்தக் கதையை அனுப்பிவைக்கலாம்.